பச்சைப் பாக்கெட் இல்லாத நாள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "நமக்கு அப்புறம் யாரு?" தெரபி, ஸ்பெஷல் ஸ்கூல், பேச்சு வருமா வராதா என்று ஓடிய வருஷங்களில் இந்தக் கேள்விக்கு நேரமில்லை. பிள்ளைக்கு மீசை அரும்பியதும் அது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'யாரு' என்று கேட்டால் ஒரே ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது: தங்கையோ, சித்தப்பாவோ, டெபாசிட் வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்கிற ஏதோ ஒரு ஹோமோ. நான் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். நாங்கள் இருக்கும்போதே, எங்களை விட்டு எங்கள் மகன் எத்தனை மணி நேரம் இருப்பான்?

*

அண்ணன் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சோறு வடிக்கத் தெரியாது. பருப்புப்பொடி, ஊறுகாய், இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் மாதம் ஒருமுறை ஊரிலிருந்து போகிறது. அவன் தனியாக வாழ்கிறான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் மகனுக்கு மட்டும் பட்டன் போடுவதிலிருந்து பரீட்சை.

*

ஆட்டிசத்தோடு தனியாக வாழ்ந்து காட்டிய டொனால்ட் ட்ரிப்லெட்டைப் பற்றிப் படிக்கும்போது அவரைவிட அவருடைய ஊரைத்தான் அதிகம் கவனிக்கிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் வரும் 11 குழந்தைகளில் முதல் குழந்தை இவர். மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் பெற்றோரே திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். பிறகு கொஞ்ச காலம் ஒரு பண்ணையில், விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். எதைப் பார்த்தாலும் அளப்பார் என்பதால் கிணறு தோண்டச் சொல்லி அதன் ஆழத்தைக் கேட்டார்கள். எண்ணிக்கொண்டே இருப்பார் என்பதால், சோளக் கொல்லையில் உழும்போது வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தபோது, திட்டாமல், அவற்றைப் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தம்பதி எந்தப் பயிற்சியும் பெற்றவர்கள் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அவர் பின்னாளில் உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தன்னந்தனியாக வெளிநாடுகள் சுற்றினார். பெற்றோர் போன பிறகும் அதே வீட்டில் தனியாக இருந்தார். 2023இல், 89 வயதில் காலமானார். அவருக்கு ஒன்று என்றால் ஊரே முன்னால் வந்து நிற்கும் என்பதை, விசாரித்துக்கொண்டு வந்த பத்திரிகையாளர்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

அந்த வங்கியில் அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேனர் அந்த 11 பேரைத் திரும்பத் தேடிப் பார்த்து 1971இல் எழுதினார். அரசுக் காப்பகங்களுக்குப் போனவர்கள், இருந்த திறமையையும் அங்கே இழந்திருந்தார்கள். பணத்தை விட்டுவிட்டு ஊரை மட்டும் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பணம் இருந்தும் ஊர் இல்லாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

*

சமையலறை. குக்கர் விசில் என் மகனுக்கு ஆகாது. மூன்றாவது வீட்டில் அடித்தாலும் காதைப் பொத்திக்கொள்வான். "பழகிடும்" என்று பல வருஷம் சொன்னார்கள். பழகவில்லை. எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் வாங்கியதும் அந்தச் சங்கடம் தீர்ந்தது.

சொல்லிக்கொடுப்பதைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். அரிசி அளப்பது, களைவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நாங்கள். விளக்கு மாறியதும் மூடியைத் திறந்து தட்டில் போடுவது மட்டும் அவன். அது கைவந்ததும் சுவிட்சைப் போடுவதும் அவன். பிறகு தண்ணீர். இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொரு படியாக வந்தால், எந்த நாளிலும் சாப்பாட்டைப் போட்டு முடிக்கிறவன் அவனாகவே இருக்கிறான். முதலிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் நம் கை குறுக்கே போய், மீதியை நாமே முடித்துவிடுகிறோம். சமையலைவிட, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கத்தான் அதிகப் பயிற்சி வேண்டியிருக்கிறது. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள்.

*

பால் வாங்குவது அவன் வேலை. ஆவின் பச்சைப் பாக்கெட் ஒன்று, சரியாகச் சில்லறை. ஒருநாள் பச்சை வரவில்லை. அவன் கடை வாசலிலேயே நின்றான். வீட்டுக்கும் வரவில்லை, வேறு கலரும் எடுக்கவில்லை. அண்ணாச்சிதான் போன் பண்ணினார்: "தம்பி நிக்குது சார். நீலம் கொடுத்தா கையைப் பின்னாடி கட்டிக்குது." அன்று சாயங்காலமே, செய்ய வேண்டியதை வரிசையாகக் காட்டும் அவனுடைய பட அட்டையில் இன்னொரு வரி சேர்ந்தது: பச்சை இல்லையென்றால் நீலம், இரண்டுமே இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பு.

அண்ணாச்சியிடமும் ஒரு வார்த்தை சொன்னேன்: கேள்வி கேட்டுவிட்டு, பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள், பதில் வரும். இப்போது கடைக்கு வருகிற மற்றவர்களுக்கு அவரே அதைச் சொல்லிக்கொடுக்கிறார்.

விதி வைப்பது சுலபம்; அவன் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொள்வான் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதே என்று சொல்லி வைத்தோம். மதுரையிலிருந்து வந்த பெரிய மாமா, அவனைக் கைக்குழந்தையில் தூக்கியவர், நாங்கள் வரும் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் ஜன்னல் வழியாக வந்ததாம்.

*

18 வயது முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவன் தனி ஆள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆகலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வேறு மாதிரிப் பேசுகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவனையும் கலந்து முடிவெடுங்கள் என்கிறது. சமூகத்தில் வாழும் உரிமை அவனுக்கு உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொல்கிறது. இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வங்கிக் கவுன்டரில் கேட்டது முதலாவது சட்டத்தின் காகிதத்தைத்தான்.

*

அவனைப் பற்றி எங்கள் இருவர் தலையில் மட்டும் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். சட்டைக் காலர் லேபிளை வெட்டிவிட வேண்டும். தலைவலி என்று வாய் திறந்து சொல்ல மாட்டான். ஃபேனை நிறுத்தினால் தலைவலி என்று அர்த்தம். கூட்டத்தில் காதைப் பொத்தினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், வெளியே போகும் வழியைக் காட்டினால் போதும்.

நோட்டை அவனிடமும் கொடுத்தோம். சிவப்புப் பேனாவால் இரண்டு வரிகளை அடித்தான். ஒன்று, பாகற்காய் பிடிக்காது. இன்னொன்று, ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவான். "பதினொண்ணு" என்று பக்கத்தில் எழுதியும் வைத்தான்.

*

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன போர்ஷன் பார்த்திருக்கிறோம். அவனும், மையத்தில் கூடப் படிக்கும் இன்னொரு பையனும். சாயங்காலத்தில் ஒரு உதவியாளர். முதலில் வாரத்தில் இரண்டு ராத்திரி. வீட்டுக்காரர் பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை என்று ஆரம்பித்தார். "ராத்திரி சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னான்: "குக்கர் இருக்கா?" அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். இல்லாதவரைக்கும் சத்தமே வராது என்று விளக்கினேன். வாடகை ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தும் என் கையெழுத்தும் சேர்ந்து வர ஒத்துக்கொண்டார். அட்வான்ஸைக் குறைக்கத்தான் இன்னும் மனசு வரவில்லை அவருக்கு.