எழுந்திருக்கும் திறன்

போக்கரில் லோபால் என்று ஒரு வகை உண்டு. வழக்கமான போக்கரில் பெரிய கை ஜெயிக்கும், லோபாலில் சின்னக் கை ஜெயிக்கும். 'டியூஸ் டு செவன்' என்ற முறையில் ஆளுக்கு 5 சீட்டு. முதலில் ஒரு சுற்று பந்தயம். பிறகு வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டு அதே எண்ணிக்கையில் புதுசு வாங்கலாம், இதுதான் டிரா. மறுபடி பந்தயம், பிறகு கையைத் திறப்பது. ஏஸ் இங்கே பெரிய சீட்டு. ஜோடி சேர்ந்தால் நஷ்டம். ஐந்தும் வரிசையாக வந்தாலும் நஷ்டம், ஐந்துமே ஆட்டினாகவோ இஸ்பேட்டாகவோ அமைந்தாலும் நஷ்டம். ஆகச் சிறந்த கை, கலவையாக வரும் 7-5-4-3-2. சாத்தியமான 25,98,960 கைகளில் அப்படி வருவது 1,020 மட்டும்.

எப்படி நன்றாக ஆடுவது? ஒரு சீட்டு மாற்றினால் போதும் என்கிற கை இருந்தால் உட்காரு. மூன்று மாற்ற வேண்டியிருந்தால் பந்தயத்தை வளர்க்காமல் விட்டுவிடு. வந்ததே நல்ல கை என்றால் எதையும் மாற்றாதே, இருப்பது போதும் என்று சொல்லிவிடு. இந்த ஆட்டத்தில் திறமை என்பது பாதிக்கு மேல், எப்போது நிறுத்துவது என்று தெரிவதுதான்.

எங்க ஊர் முத்துப்பேட்டையில் லோபால் என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். நம்ம ரம்மியும் குறைந்த புள்ளிக்காரன் ஜெயிக்கிற ஆட்டம்தானே. 13 சீட்டு. சேராமல் நிற்கிற ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் ஒவ்வொன்றும் 10 புள்ளி பாரம். 101 ஆட்டத்தில் எடுத்தவுடன் டிராப் செய்தால் 20, நடுவில் விட்டால் 40, கடைசி வரை இருந்து மாட்டினால் அதிகபட்சம் 80. மோசமான கையோடு ஆடி, மாட்டினால் சராசரியாக 50 புள்ளி ஏறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஜெயிக்கிற வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் 20 கொடுத்து எழுவதைவிட உட்காருவது லாபம். ஆறு பேர் சுற்றி இருக்கும்போது 60 சதவீதம் எங்கே வரும்? கணக்கு எழுந்திரு என்கிறது. ஆனாலும் நாம உட்காருகிறோம். அடுத்த சீட்டில் ஜோக்கர் வரும்.

இந்த 'அடுத்த சீட்டு' நம்பிக்கையைப் பற்றித்தான் நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேறு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கின்றன: ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்யநாராயணா (1968) வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று தெரிய வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம். மூன்று சீட்டு ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம். ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் பல வருஷம் இந்த வரியைத்தான் கேடயமாகப் பிடித்தன. தமிழ்நாட்டின் 2021 தடைச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பரில் அந்தப் பட்டியலும் விழுந்தது.

ஆனால் அதே 1968 தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது. வீட்டுக்காரரோ கிளப்போ ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்கிறது அது. மேஜையில் உட்கார்ந்தவனின் மூளையை அளப்பதோடு நிற்காமல், மேஜை யாருடையது என்றும் கேட்ட வரி. விளம்பரங்களில் முதல் வரி மட்டும் வந்தது.

எனக்கு இரண்டாவது வரிதான் அறத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. முத்துப்பேட்டை தர்கா இருக்கிற ஊர். சூது ஹராம் என்பதால் பல வீடுகளில் சீட்டுக் கட்டே உள்ளே வராது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மதுவையும் சூதையும் சேர்த்து விலக்கும்போது சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: அது மனிதர்களுக்கு நடுவே பகையை மூட்டுகிறது. வள்ளுவரின் 'சூது' அதிகாரமோ முதல் குறளிலேயே ஜெயித்தவனை எச்சரிக்கிறது. அவனுக்குக் கிடைத்ததைத் தூண்டில் இரையாகப் பார்க்கிறது. இரண்டுமே திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்கவில்லை. பாரதத்தில் அந்தச் சபையிலேயே பெரிய திறமைசாலி சகுனிதான். அதனால் அந்த ஆட்டம் நியாயமாகிவிட்டதா?

சொல்லப்போனால் திறமை ஆபத்தைக் கூட்டுகிறது. மங்காத்தாவில் தோற்றவன் 'நேரம் சரியில்ல' என்று எழுந்து போகலாம். ரம்மியில் தோற்றவனுக்கு 'அந்த எட்டைப் போட்டிருக்கக் கூடாது' என்று ஒரு பாடம் கிடைக்கிறது. பாடம் கிடைத்தவன் மறுபடி பரீட்சை எழுதத்தான் உட்காருவான்.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. வளர்ந்த மனுஷன் தன் காசை என்ன செய்தால் உங்களுக்கென்ன? ஷேர் வாங்கினால் முதலீடு, சீட்டு ஆடினால் ஒழுக்கக்கேடா? இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அரசாங்கம் நம் அப்பாவாக நடந்துகொள்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் சுதந்திரம் என்பதில் உட்காரும் சுதந்திரம் மட்டுமா இருக்கிறது? எழுந்திருக்கும் சுதந்திரமும் வேண்டாமா?

அதை மேஜைதான் தருகிறது, அல்லது பறிக்கிறது. அறுவடை முடிந்த நாட்களில் திண்ணையில் நடக்கிற ஆட்டத்தைப் பாருங்கள். அது புனிதமானது இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் நகையும் நிலமும் போயிருக்கின்றன. ஆனாலும் அங்கே சில தடுப்புகள் உண்டு. இருட்டும். யாராவது 'மாமா, அத்தை கூப்பிடுறாங்க' என்று வந்து நிற்பார்கள். ஜெயித்தவன் மறுநாள் தோற்றவனின் முகத்தில் டீக்கடையில் முழிக்க வேண்டும். தோற்றவன் பாக்கெட்டில் இருந்ததுதான் எல்லை.

ஃபோனில் இருட்டுவதே இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்ட காசு நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது; அது இடைத்தரகரைத் தவிர்க்கிற நல்ல ஏற்பாடு. அதே கணக்கு ஃபோனோடு இணைந்திருக்கிறது, ஃபோன் ஆட்டத்தோடு. ஒரு சம்பாவின் உழைப்பு எட்டு நொடியில் கை மாறலாம். எதிரே இருப்பவன் யார் என்று தெரியாது. ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ஆப் 10 சதவீதம் எடுத்தால் 540தான் திரும்பும். யார் ஜெயித்தாலும் 60 ரூபாய் தோற்காத ஒருத்தருக்குப் போகிறது. ஆட்டம் முடியாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். திரும்பி வரவைக்கிற நோட்டிஃபிகேஷன், 'இன்னும் ஒரு ஆட்டம்' என்ற பெரிய பொத்தான், மூலையில் ஒளிந்திருக்கும் 'வெளியேறு', இதெல்லாம் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் அளந்து பார்த்து வைக்கிறார். எழுந்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய திறமை என்றால், அந்தத் திறமையை எதிர்த்து ஒரு குழுவே சம்பளம் வாங்கி வேலை செய்கிறது.

2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடில்லாமல் தடை செய்தது. முழுத் தடை சரியா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தடை செய்தது இன்னும் இருட்டான மேஜைக்குப் போய்விடலாம். ஆனால் பழைய கேள்வியைக் கீழே போட்டது சரி. வைக்க வேண்டிய கேள்வி இது: இந்த மேஜையிலிருந்து ஒருத்தன் எழுந்தால் யாருக்கு நஷ்டம்? பதில் 'மேஜைக்காரருக்கு' என்றால், அங்கே உட்காருபவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, அவன் கையில் இருக்கும் சீட்டைவிட அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.