அழுத்தமும் அளவும்

அமெரிக்க முகாம் திடல்களில் நிற்கும் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளின் குழாயமைப்பு பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு அழுத்தத்தில் இயங்குகிறது. திடலின் நீர் அதை மீறி வரக்கூடும் என்பதால், அழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் குழாய்முனையிலேயே பொருத்தப்படுகிறது. மிகையும் குறையும் தவிர்த்த நடுநிலையே நற்பண்பு என்ற அரிஸ்டாட்டில், அது எண்களின் சராசரி அன்று, அவரவர்க்கு உரியது என்பதை மல்லன் மைலோவின் உணவைக் காட்டி விளக்கினார். அவ்வகையில் குழாயின் இவ்வழுத்த வரம்பும் வெளியிலிருந்து விழுந்த தளை அன்று. இணைப்புகளின் தாங்குதிறனிலிருந்தே பிறக்கும் அளவு. ஆயினும் அழுத்தம் வேறு, ஒரு நிமிடத்தில் வந்துசேரும் நீரளவாகிய ஓட்டம் வேறு: துளை குறுகிய ரெகுலேட்டர் இரண்டையும் சேர்த்தே நெரிக்கிறது. தன்னடக்கத்தை வறட்சியாகப் புரிந்துகொண்ட துறவு நெறிகளின் பிழையும் இதுவே. வேகத்தைத் தணிக்கும் ஒழுக்கம் ஈகையைக் குறைக்க வேண்டியதில்லை.