மதிய உணவுக்கு முன்

2023இல் கேட்டலின் கரிக்கோவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி எழுதினார்: "அவரை மதிக்காத பல்கலைக்கழகம் இப்போது அவருடைய மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கட்டும்." நானும் கைதட்டினேன். சற்று நேரத்தில் அந்த வாக்கியம் உறுத்தத் தொடங்கியது.

ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த கரிக்கோ, 1985இல் கணவரோடும் சின்னஞ்சிறு மகளோடும் அமெரிக்கா போனார். எம்ஆர்என்ஏவை மருந்தாக்க முடியும் என்பதில் அவருக்குப் பிடிவாதம். ஆய்வு நிதி கிடைக்கவில்லை. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கியது. பத்தாண்டு கழித்து, 2005இல், அவரும் ட்ரூ வைஸ்மனும் 'இம்யூனிட்டி' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து செலுத்தும் ஆர்என்ஏவை நம் நோயெதிர்ப்பு மண்டலம் பகையென்று எண்ணிக் கொந்தளிக்கிறது. அதிலுள்ள யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடினை வைத்தால் கொந்தளிப்பு அடங்குகிறது என்று காட்டிய கட்டுரை. இனித் தொலைபேசி ஓயாது என்று எதிர்பார்த்ததாகவும், ஒருவர்கூட அழைக்கவில்லை என்றும் வைஸ்மன் பின்னாளில் சொன்னார். பிறகு கொரோனா வந்தது, தடுப்பூசி வந்தது, மேற்கோள்கள் குவிந்தன.

கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2006இல் பொய்யாக இருந்து 2021இல் மெய்யாகிவிடவும் இல்லை. மாறியது உலகத்தின் தேவை. அப்படியிருக்க, எண்ணிக்கையைக் காட்டி அவருக்காக நியாயம் கேட்கும்போது, அவரை எடை குறைவென்று தள்ளிய அதே தராசைத்தானே நாமும் தூக்கிப்பிடிக்கிறோம்? பெருந்தொற்று வந்திராவிட்டால் அவருக்காகப் பேச நம்மிடம் என்ன இருந்திருக்கும்?

அதே 2005இல்தான் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இன்டெக்ஸ் கணக்கை முன்வைத்தார். ஒருவருடைய எண் 20 என்றால், தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள் அவரிடம் உள்ளன என்று பொருள். ஐந்தே கட்டுரை எழுதியவருக்கு, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், ஐந்துக்கு மேல் கிடையாது. ஓயாமல் எழுதிக்கொண்டிருக்க முடிந்தவருக்கான அளவுகோல் இது. பிள்ளை பெற்ற வருடமும், படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட வருடமும் இதற்குத் தெரியாது.

மேற்கோளும் மழைபோலத் தானாக விழுவதில்லை. ஜேஸ்டோர் களஞ்சியத்தின் 15 லட்சம் கட்டுரைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்கள் தங்களையே மேற்கோள் காட்டிக்கொள்வது பெண்களைவிட 56 சதவீதம் அதிகம் என்றது. பெண்களின் கூச்சம்தான் காரணம் என்று முடிவு கட்டுவது அவசரம். காட்டிக்கொள்ள முந்தைய கட்டுரைகள் இருக்க வேண்டுமே. ஆனால் கூச்சமும் உண்டு. நோயெதிர்ப்பியலாளர் பாலி மாட்ஸிங்கர் 1978இல் வெளியான தன் கட்டுரையில் கலாட்ரியல் மிர்க்வுட் என்ற பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தார். அது அவர் வளர்த்த நாய். செயப்பாட்டு வினையில் எழுத அவருக்கு விருப்பமில்லை. 'நான்' என்று எழுதத் துணிவில்லை. 'நாங்கள்' என்று எழுத இன்னொரு பெயர் தேவைப்பட்டது. முதலில் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இன்றும் அந்த நாயின் பெயர் ஆய்வுப் பட்டியல்களில் இருக்கிறது. ஆய்வகங்களில் குடுவை கழுவும் பெண்கள் எவர் பெயரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்தேன். நாற்பதைத் தொட்ட ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. நடுவில் ஆறு வருடம் ஒன்றுமே இல்லை. எச்-இன்டெக்ஸ் 7. அடுத்தவருக்கு 19. கட்டுரைகளின் பிரதிகள் மேசைமேல்தான் கிடந்தன. படிக்க நேரமும் இருந்தது. ஆனால் மதிய உணவுக்கு முன் முடித்துவிட எல்லோருக்கும் ஆசை. அவரை நிராகரித்தது நான் அல்ல, எண்தான் என்று நினைத்துக்கொள்ள அந்த 7 எனக்கு உதவியது. அந்த ஆறு வருடம் எங்கே போயிற்று என்றுகூட நான் கேட்கவில்லை.

நோபல் செய்தி வந்த அன்றிரவு அவருடைய கட்டுரைகளைத் தேடி இறக்கிக்கொண்டேன். முதல் கட்டுரைக்கே இரண்டு மாலைகள் ஆயின. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. அது எனக்கு இன்னும் விளங்கவில்லை.