கொள்கையும் பூக்கடையும்

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் நிரல் மாற்றங்களை மேலாள 2002-இல் பிட்கீப்பர் என்ற தனியுடைமை மென்பொருளை எடுத்தபோது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார். 2005-இல் அதன் இலவச உரிமம் பறிபோனது; எச்சரிக்கை பலித்தது. ஆனால் சில நாட்களிலேயே அதற்கு மாற்றாகக் கிட் என்ற கட்டற்ற கருவியை எழுதி வழிகாட்டியவரும் தூய்மைவாதிகள் திட்டித்தீர்த்த அதே டோர்வால்ட்ஸ்தான்! கொள்கை பேசுபவர், காரியம் முடிப்பவர் இருவருமே நமக்கு வேண்டும்.

பூக்கடையிலும் அப்படித்தான். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாலை கட்டும் அக்கா, மலேசியர் முத்து நெடுமாறனின் செல்லினம் செயலியில் தமிழ் தட்டினால், அதன் மூலநிரல் மூடப்பட்டது என்று முகம் சுளிப்பது அநியாயம். முதலில் அவர் தமிழில் எழுதுவதைக் கொண்டாடுவோம். பிறகு லினக்ஸைக் காட்டலாம். செல்லினத்தில் உள்ள தமிழ்99 விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் உண்டு, அதில் பழகிய விரல் மாற வேண்டியதில்லை.