அசுரன் செத்தால்தான் போனஸா?

தீபாவளியன்று செத்தவன் யார் என்று ஊட்டி மார்க்கெட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். தமிழர் நரகாசுரன் என்பார். வடக்கேயிருந்து வந்த கடைக்காரர், யாரும் சாகவில்லை, ராமன் அயோத்திக்குத் திரும்பினான் என்பார். சமணருக்கு அது மகாவீரர் முக்தி பெற்ற இரவு. கன்னடர் மறுநாளைச் சொல்வார். பலிச் சக்கரவர்த்தி மண்ணைப் பார்க்க வரும் நாள் அது. கூடலூர் மலையாளிக்கு அவர் ஓணத்துக்கே வந்துபோய்விட்டார். படகர்களின் பெரிய திருவிழா மார்கழி, தை வாக்கில் வரும் ஹெத்தையம்மன் விழா. கும்பிடுவது ஒரு மூதாட்டியை, எவனும் கொல்லப்படுவதில்லை. தோடர்களின் சடங்கெல்லாம் எருமையையும் பாலையும் சுற்றியவை. தீபாவளி இந்த மலைக்குக் கீழேயிருந்து கூலியாட்களோடும் வியாபாரிகளோடும் ஏறி வந்த பண்டிகை.

நரகாசுரனையே எடுத்துக்கொள்வோம். அவன் செத்ததற்காக நாம் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். அசாமில் அவன் அரச குலத்தின் மூதாதை. 7ஆம் நூற்றாண்டில் காமரூபத்தை ஆண்ட பாஸ்கரவர்மன், ஹர்ஷரின் நண்பன், சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கை வரவேற்றவன், தன் குலத்தை நரகனிலிருந்து தொடங்கிச் செப்பேட்டில் எழுதி வைத்தான். குவாஹாத்தியில் நரகாசுரன் பெயரில் இன்றும் ஒரு மலை இருக்கிறது. ஓரூரில் ஒழிந்தான் என்று கொண்டாடப்படுகிறவன் இன்னோர் ஊரில் கொள்ளுத்தாத்தா. இதில் எது உண்மை என்று எந்தப் பஞ்சாங்கமும் தீர்ப்புச் சொல்லாது. ஆளுக்கொரு காரணம் சொன்னாலும் எல்லோர் வீட்டிலும் அதிரசம் இனிக்கத்தான் செய்கிறது. அப்படியானால் இந்தப் பண்டிகைக்குக் காரணமே தேவைப்படவில்லை.

பகுத்தறிவாளர்களாகிய நாம் இந்த இடத்தில் நின்றுவிடுவது வழக்கம். ஒரு திராவிடன் கொல்லப்பட்டதைத் திராவிடனே கொண்டாடலாமா என்று பெரியார் கேட்டார். வருடா வருடம் நாமும் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, பட்டாசு வாங்காமல் இருந்துவிட்டு, கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளுக்கு ஐப்பசி பிறந்தால் வேறொரு கேள்வி. இந்த வருடம் போனஸ் எத்தனை சதவீதம்?

1965இல் வந்த போனஸ் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வகுத்த கணக்கு எளிமையானது. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த 8.33 ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. லாபமில்லாத ஆண்டிலும் தந்தாக வேண்டும். மார்ச் 31இல் கணக்கை முடிக்கும் நிறுவனம் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள், கொடுத்து முடிக்க வேண்டும். இதில் கிருஷ்ணனும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஆனால் நடைமுறையில் இந்தப் பணம் தீபாவளிக்கு முந்தைய நாட்களில், ஏதோ பெரிய மனது பண்ணித் தந்ததைப் போலக் கைக்கு வருகிறது. உரிமை இனாமாக மாறுவது இப்படித்தான்.

இலங்கை மலையகத்தில் இது இன்னும் மோசம். அங்கே தொழிலாளிக்குக் கிடைப்பது தீபாவளி முற்பணம். பெயர் சொல்வதுபோல அது கடன். பண்டிகை முடிந்ததும் மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. கடனிலிருந்து போனஸுக்கு வந்தது அவர்களுக்கு முன்னேற்றம்தான். மறுக்கவில்லை.

வங்காளத்துக்குப் போனால் மாதமும் சாமியும் மாறும். டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் துர்கா பூஜைக்கு முன்பு வருகிறது. அங்கே ஜல்பாய்குரி மாவட்டத்தில் அசுர் என்ற பழங்குடியினர் கொழுந்து பறிக்கிறார்கள். இரும்பு உருக்குவது அவர்களின் பழைய தொழில். துர்கை வதைத்த மகிஷாசுரன் தங்கள் முன்னோன் என்பது அவர்கள் நம்பிக்கை. (அதுவும் நம்பிக்கைதான், வரலாறு அல்ல, நமக்குப் பிடித்த கட்டுக்கதை என்பதற்காக விலக்குக் கொடுக்க முடியாது.) பூஜை நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு துக்கம் காத்த குடும்பங்கள் அவை. அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம், அவள் தாத்தாவைக் குத்திக் கொன்ற திருவிழாவின் பேரில் வருகிறது. வாங்கித்தான் ஆக வேண்டும், அரிசிக்கடைக்காரன் காத்திருக்கமாட்டான்.

அதற்காகப் பண்டிகையை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படிச் சொல்பவர் தோட்டத்தைப் பார்த்ததில்லை. பண்டிகைத் தேதி தொழிலாளி கையிலும் ஓர் ஆயுதம். அது நெருங்க நெருங்க நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டும். இல்லையென்றால் நவம்பர் 30வரை இழுப்பார்கள். ஆனால் அதே தேதி தொழிலாளியின் கழுத்திலும் கத்தியாக நிற்கிறது. பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டியவள் எத்தனை நாள் பேரம் பேசுவாள்? விடாமல் நின்றவர்களும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. முடிவில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் 20 வந்தது. பணிந்த பிறகும் பாதிக்கு மேலான பணத்தைக் கருணைக் கணக்கில்தான் எழுதினார்கள்.

எனவே நரகாசுரன் நல்லவனா கெட்டவனா என்ற பட்டிமன்றத்தைக் கொஞ்சம் ஒத்தி வைக்கலாம். அசுரன் செத்த நாள் வந்தால்தான் சட்டத்துக்கு உயிர் வருகிறது என்பதே வெட்கக்கேடு. கணக்கு முடிந்த மூன்றாம் மாதத்தில், எந்தச் சாமியின் பெயரும் இல்லாமல், வங்கியில் போட்டுவிடுவதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. முடிவு செய்ய வேண்டியவர்கள் துரைகளும் சங்கங்களும்.

நீலகிரித் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். தமிழ் தெரியாது, தீபாவளிக் கதையும் வேறு. அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுக்குப் புரியும் மொழியில் இதை மட்டும் சொல்லுங்கள்: சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு 30 நாள் வேலை செய்தவருக்கும், தற்காலிகத் தொழிலாளியானாலும், போனஸ் உண்டு.