ஆழத்தில் கிடக்கும் கப்பலும் தொடாத கையும்

உலகம் தன் பொருள்களை இரண்டு வழிகளில் இழக்கின்றது. ஒன்று, காலம் அவற்றைத் தின்றுவிடுகின்றது. மற்றொன்று, மனிதக் கை அவற்றை எடுத்துச் சிதைத்துவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் தப்பிய பொருளொன்று கண்ணெதிரே தோன்றும்போது, அதற்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளோம்?

கருங்கடலின் ஆழம் இவ்வினாவை நம்முன் வைத்துள்ளது. 2015 முதல் 2017 வரை பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்று பல்கேரியக் கரைக்கு அப்பால் கடலடியை ஆராய்ந்தது. பனியூழி முடிந்தபின் கடல்மட்டம் உயர்ந்து நிலம் மூழ்கிய வரலாற்றை அறிவதே அவர்களது நோக்கம். ஆனால் கருவிகளின் கண்ணில் பட்டவையோ அறுபதுக்கும் மேற்பட்ட மூழ்கிய கப்பல்கள். அவற்றுள் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், ஒருக்களித்துச் சாய்ந்து கிடக்கும் ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள கிரேக்க வணிகக் கப்பல். பாய்மரம் உள்ளது, திசை திருப்பும் சுக்கான் துடுப்புகள் உள்ளன, துடுப்பு வலிப்போர் அமர்ந்த பலகைகளும் உள்ளன. சிறு மரத்துண்டு ஒன்றைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அதன் வயது ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் எனத் தெரிந்தது. 2018 அக்டோபரில் இச்செய்தி வெளியாயிற்று. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள கிரேக்கச் சாடி ஒன்றில், ஒடிசியஸ் பாய்மரத்தோடு கட்டுண்டு நிற்கும் கப்பல் தீட்டப்பட்டுள்ளது. அவ்வகைக் கப்பலை அதுவரை ஓவியத்தில் மட்டுமே கண்டிருந்த அறிஞர்கள், இப்போது முழு உருவில் கண்டனர்.

அது அழியாதிருந்தது எவ்வாறு? தன்யூப், நீப்பர் முதலிய பேராறுகள் கொண்டுவரும் நன்னீர் கருங்கடலின் மேற்பரப்பில் இலேசாக மிதக்கின்றது. பாஸ்பரஸ் நீரிணை வழியே வரும் உவர்நீரோ கனத்தால் கீழே தங்குகின்றது. இரண்டும் கலப்பதில்லை. ஆதலின் ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே உயிர்வளி இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வளியே நிறைந்துள்ளது. மீன் இல்லை, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுவும் இல்லை. பிற கடல்களில் மூழ்கிய மரக்கலங்களை உண்டுவிடுவது இப்புழுவே. அக்கப்பலைக் காத்தது கடலின் கருணையன்று, உயிரின்மையே. மீனுக்கு உயிர் தரும் நீர் மரத்தை அழிக்கின்றது. மீனைக் கொல்லும் நீரோ மரத்தைக் காக்கின்றது. காக்கப்படுவதெல்லாம் வாழ்வதாகாது என்பதை நாம் இங்கே முதலில் உணர்கின்றோம்.

இனி, இதனை மேலே கொண்டுவரலாமா? ஆசை இயல்பானது. மக்கள் காண வேண்டாமா? நம் பிள்ளைகள் கற்க வேண்டாமா? சுவீடன் நாட்டில் 1628-இல் மூழ்கிய வாசா என்னும் போர்க்கப்பலை 1961-இல் எழுப்பினார்கள். நீர் உலர்ந்தால் மரம் சுருங்கி வெடிக்கும் என்பதால், பாலிஎத்திலீன் கிளைகால் என்னும் பொருளைப் பதினேழு ஆண்டுகள் தெளித்து வந்தார்கள். 2000-ஆம் ஆண்டில், மரத்தினுள் ஊறியிருந்த கந்தகம் உயிர்வளியோடு கூடி அமிலமாகி வருவது தெரிந்தது. கோடிக்கணக்கான மக்கள் அதனைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பது உண்மை. அதனைக் காக்கும் பணி இன்னும் முடியவில்லை என்பதும் உண்மை. வெளியே எடுப்பவர், எடுத்த நாள் முதல் அதற்குக் காவலராகிவிடுகின்றார். காக்க வலிமையும் பொறுமையும் இல்லாதவர், பார்க்க விரும்பியதாலேயே அழிப்பவராகிவிடுவார்.

2001-இல் யுனெஸ்கோ நிறைவேற்றி, 2009-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, நீரடி மரபுச் செல்வங்களை அவை கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கொள்ள வேண்டும் என்றும், அவற்றை வாணிபப் பொருளாக்கலாகாது என்றும் கூறுகின்றது. கடலில் இறந்தோரின் எச்சங்களுக்கு உரிய மரியாதை காட்ட வேண்டும் என்றும் அது வற்புறுத்துகின்றது. கருங்கடல் ஆய்வாளரும் ஆயிரக்கணக்கான ஒளிப்படங்களை இணைத்து முப்பரிமாண உருவத்தைச் செய்துகொண்டு, கப்பலை அங்கேயே விட்டு வந்தார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. தொடாது விடுவது, சிலவேளை, அக்கறையின்மைக்கு இட்ட அழகிய பெயராகலாம். ஆழம் குறைந்த பகுதிகளில், அடிமடி வலைகள் கடலடியை உழுது பழங்கலங்களைச் சிதைத்துள்ளன. அங்கே வாளா விட்டுவிடுதல் காத்தலாகாது. வலை செல்லாதவாறு எல்லை குறிப்பதும், அதனைக் கண்காணிப்பதும் வேண்டும். ஆகவே தொடாமை மட்டும் அறமாகிவிடாது. எவர் நலத்துக்காகத் தொடவில்லை என்பதே அதனை அறமாக்குகின்றது. அறிவைப் பிறருக்குப் பகிர்ந்து, உடைமையைத் துறந்து, காவலை மேற்கொள்ளும்போதுதான் விலகி நிற்றல் அன்பாகின்றது.

இன்னொன்றையும் நாம் நினைவுகூர வேண்டும். திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் பவுல் சென்ற கப்பலின் கதை உள்ளது. மால்தா தீவருகே அது தரைதட்டி, அலைகளால் சிதைந்தது. ஏறியிருந்த 276 பேரும் உயிரோடு கரைசேர்ந்தார்கள். அக்கப்பலோ எஞ்சவில்லை. கருங்கடலிலோ கப்பல் முழுமையாக உள்ளது. துடுப்புப் பலகையில் அமர்ந்தவர்கள் யார், எவர் அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தார் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. இவ்விரண்டில் எது நற்பேறு என்று கேட்டால், சிந்திப்போர் தயங்க மாட்டார்கள். மரத்தை வியக்கும்போது மனிதரை மறத்தல் ஆகாது. அந்தப் பலகை நமக்கு அருமையானது, ஒருவர் அதில் அமர்ந்து உழைத்ததனாலன்றோ?

நம் இல்லங்களிலும் இறந்தோர் விட்டுச்சென்ற பெட்டிகளும் கடிதங்களும் உள்ளன. சிலவற்றைத் திறந்து பயன்படுத்துதல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. சிலவற்றைத் திறவாது வைத்தலும் மரியாதையே. எது எதற்குரியது என்று தெரிந்துகொள்ள விதி ஏதும் இல்லை. ஒவ்வொன்றையும் கையிலெடுக்குமுன் சற்று நின்று, இது எனக்காகவா, அவருக்காகவா என்று கேட்டுக்கொள்ளுதல் மட்டுமே நம்மால் இயன்றது.