வழக்கமும் இயற்கையும்

எங்கும் காணப்படுவதெல்லாம் இயற்கையானதா? எல்லாரிடமும் இருப்பதெல்லாம் இயல்பானதா? இது மெய்யியலாரின் திண்ணைப் பேச்சுக்குரிய கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும் கடந்த நூற்றாண்டில் இக்கேள்விக்கு அறிஞர் சிலர் அளித்த தவறான விடையால், கோடிக்கணக்கான குழந்தைகளின் குருதியில் நஞ்சு கலந்தது. சரியான விடையைக் கண்டவர், பல்கலைக்கழக ஆய்வுக்கூடமொன்றில் கற்களின் வயதைக் கணித்துக்கொண்டிருந்தவர். அவருடைய வரலாற்றில் நம் மனச்சான்றுக்கும் ஒரு பாடம் உண்டு.

அமெரிக்கரான கிளேர் பேட்டர்சன் 1922இல் பிறந்து 1995இல் மறைந்தவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, பூமியின் வயதைக் கண்டறியும் பணிக்கு அவருடைய பேராசிரியர் ஹாரிசன் பிரௌன் அவரை ஆற்றுப்படுத்தினார். யுரேனியம் காலப்போக்கில் தானே சிதைந்து ஈயமாக மாறுகிறது. அதன் ஒரு வகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், மற்றொரு வகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளும் ஆகின்றன. இவ்விரு கடிகாரங்களின் வேகமும் தெரிந்தால், பாறையிலும் விண்கல்லிலும் உள்ள ஈய வகைகளின் விகிதத்தைக் கொண்டு அவற்றின் வயதைக் கணிக்கலாம். அணுக்களை எடைவாரியாகப் பிரித்தெண்ணும் கருவியை இயற்பியல் தந்தது. நிலவியல் கல்லைத் தந்தது. எண்களிலிருந்து காலத்தைப் படித்தறியும் வழியைக் கணிதம் தந்தது. தனித்தனிக் கட்டடங்களில் வாழும் துறைகள் ஒரே மேசையில் கூடின.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமான ஈயம் கல்லில் இருப்பதாகவே ஒவ்வொரு முறையும் விடை வந்தது. அந்த ஈயம் கல்லுக்குரியதன்று. அது ஆய்வுக்கூடத்தின் காற்றில் இருந்தது, தூசியில் இருந்தது, நீரில் இருந்தது, ஆய்வாளரின் தலைமுடியிலும் தோலிலும் உடையிலும் இருந்தது. பேட்டர்சன் பொறுமையிழக்கவில்லை. கலங்களை அமிலத்தில் கழுவினார். பின்னர்க் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில், வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் தூய அறையொன்றை அமைத்தார். அரிசோனா மாநிலத்தில் விழுந்த விண்கல்லின் துணுக்கை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்டார். அவ்விடை இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

இத்துடன் அவர் மனநிறைவு கொண்டிருந்தால் பாடநூல்களில் மட்டும் வாழ்ந்திருப்பார். ஆனால், 'என் கையில் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அவர் கடல்நீரை ஆராய்ந்தார். ஆழ்கடலைவிட மேற்பரப்பில் ஈயம் மிகுதியாக இருந்தது. கிரீன்லாந்தின் பனி அடுக்குகளை அவரும் உடனாய்வாளரும் தோண்டி ஆராய்ந்து, கடந்த மூவாயிரம் ஆண்டுகளில் அங்கு வந்து படியும் ஈயம் இருநூறு மடங்குக்கு மேல் பெருகியுள்ளதை 1969இல் அறிவித்தனர். இருபதாம் நூற்றாண்டில் அந்த ஈயத்தின் பெரும்பகுதி மோட்டார் வாகனங்களின் புகையிலிருந்து வந்தது.

எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்க, பெட்ரோலுடன் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று 1921இல் கண்டறிந்திருந்தனர். 1924இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே ஆலையில் அச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் மதிகலங்கி மாண்டனர். மறு ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணான ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார், இந்நஞ்சைத் தெருவெங்கும் தூவுவது தகாது என்று எச்சரித்தார். தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று குழு முடிவு கூறியது, விற்பனை தொடர்ந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகள் அத்தொழிலுக்கு அறிவியல் அரணாக நின்றவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் கீஹோ.

கீஹோவைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அதனால் நமக்குப் பயன் இல்லை. அவர் விடாமுயற்சியுடன் அளந்தவர். ஈயத்தைக் கையாளும் தொழிலாளரை அளந்தார். அதைக் கையாளாத மக்களையும் ஒப்புநோக்க அளந்தார். மெக்சிகோ நாட்டின் சிற்றூர் உழவரையும்கூட அளந்தார். எல்லாருடைய உடலிலும் ஈயம் இருந்தது. ஆகவே ஈயம் மனித உடலுக்கு இயல்பானது. ஒரு வரம்பு வரை அது தீங்கு செய்யாது. தீங்கு உண்டென்பவர் அதை மெய்ப்பிக்கட்டும், அதுவரை விற்பனை தொடரட்டும் என்று வாதிட்டார். அந்த உழவரின் உணவிலும் உண்கலங்களிலும் ஈயம் கலந்திருந்தது. அவர் எழுதிய எண்கள் பொய்யல்ல. அவர் எண்ணத் தொடங்கிய பூஜ்யமே தவறானது. நோயுற்ற ஊரில் நோயுற்றவரோடு நோயுற்றவரை ஒப்பிட்டு, 'இதுவே நலம்' என்று எழுதிவிட்டார்.

1965இல் பேட்டர்சன் மருத்துவ இதழொன்றில் எழுதிய நீண்ட கட்டுரை இப்பூஜ்யத்தைத்தான் அசைத்தது. இக்காலத்து மனிதர் உடலில் பொதுவாக உள்ள ஈயத்தின் அளவு, இயற்கையான அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்று அவர் கணித்தார். பொதுவானது வேறு, இயற்கையானது வேறு என்பதே அவர் கூறியதன் சாரம். அதற்கான விலையையும் கொடுத்தார். அதுவரை அவருடைய கடலாய்வுக்குப் பொருளுதவி செய்துவந்த எண்ணெய்த் தொழிலமைப்பு அவ்வுதவியை நிறுத்தியது. 1971இல் காற்றிலுள்ள ஈயம் பற்றி ஆராய அமைந்த தேசியக் குழுவில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. பிற்காலத்தில் அத்தகைய குழு ஒன்றில் இடம் கிடைத்தபோது, பெரும்பான்மையோரின் கூற்றுடன் உடன்படாமல் தனிக் கருத்துரை எழுதினார்.

காலம் அவர் பக்கம் நின்றது. அமெரிக்காவில் பெட்ரோலிலுள்ள ஈயம் குறைக்கப்பட்டபோது, 1976க்கும் 1980க்கும் இடையில் மக்களின் குருதியிலுள்ள ஈயமும் சராசரியாக 37 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்காக ஈயமற்ற பெட்ரோல் வந்தது; 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் ஒழிந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதைக் கைவிட்டது. ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று அறியப்பட்ட எதுவும் இல்லை என்பதே இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இவ்வரலாறு எழுப்பும் அறநெறிக் கேள்விகளில் இரண்டை மட்டும் இங்கு எண்ணிப் பார்ப்போம்.

முதற்கேள்வி: எதை அளவுகோலாகக் கொள்வது? 'எல்லாரும் இப்படித்தான்' என்பது உலக வாழ்வில் மிக வலிய வாதம். புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்கைச் சட்டத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் இவ்வாதத்தை எதிர்கொள்கிறார். பழங்கால ஜெர்மானியரிடையே கொள்ளையடிப்பது குற்றமாகக் கருதப்படவில்லை என்று ஜூலியஸ் சீசர் எழுதியதை அவர் சுட்டுகிறார். ஓர் இனமே தவறை வழக்கமாக்கிக்கொண்டால், தவறு சரியாகிவிடுவதில்லை. அதைத் தவறென்று காணும் கண்தான் மங்கிவிடுகிறது என்பது அவர் தரும் விளக்கத்தின் கருத்து. மணவிலக்குப் பற்றிப் பரிசேயர் கேட்டபோது நம் ஆண்டவர் அளித்த மறுமொழியும் இத்தகையதே. மோசே அதற்கு இடமளித்தது மக்களின் கடின உள்ளத்தின் பொருட்டு. தொடக்கத்திலோ அவ்வாறு இருக்கவில்லை என்றார். நிலவிவந்த வழக்கத்தோடு வழக்கத்தை ஒப்பிடாமல், வழக்கம் படியாத ஆழத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றார். ஆய்வாளர் பனிக்கட்டியின் அடியில் தேடியதும் அத்தகைய ஓர் ஆழத்தையே.

இங்கு ஒரு தடை எழலாம். இயற்கையானதெல்லாம் நல்லதா? பாம்பின் நஞ்சும் இயற்கைதானே? பழைய வழக்கமெல்லாம் தீயதா? நம் முன்னோர் விசுவாசத்தைக் கட்டிக்காத்தது வழக்கங்களின் வழியாகத்தானே? உண்மை. ஆகவேதான் பழமையையோ புதுமையையோ நாம் அளவுகோலாகக் கொள்ள இயலாது. ஒரு வழக்கம் மனிதரை வாழவைக்கிறதா, வதைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு அவ்வழக்கத்தின் தூசி படியாத இடம் ஒன்று வேண்டும். ஆய்வாளருக்கு அது தூய அறை. நமக்கு அது செபத்தில் அமையும் தனிமை, மனச்சான்றின் ஆய்வு. தூய அறைக்குள் நுழைவோர் தம் உடையில் படிந்திருப்பதை முதலில் ஐயுறுவர். அந்த ஐயம் இன்றி எவ்வளவு நுட்பமான கருவியாலும் உண்மையை அளக்க முடியாது.

இரண்டாம் கேள்வி: ஐயம் உள்ளபோது சுமையை யார் சுமப்பது? 'தீங்கு மெய்ப்பிக்கப்படும் வரை தொடரலாம்' என்ற கொள்கை நடுநிலையானது போல் ஒலிக்கும். ஆனால் ஆதாயம் விற்பவருக்கு. ஐயத்தின் விலையோ தெருவோரக் குழந்தைக்கு. அக்குழந்தையிடம் அளக்கும் கருவியும் இல்லை. மாநாட்டில் இருக்கையும் இல்லை. ஐயத்திற்கு இடமான எல்லாவற்றையும் நிறுத்தினால் உலகம் நடக்குமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. தீங்கு பெரிதாகவும் மீட்க இயலாததாகவும் இருக்கக்கூடும் என்று தக்க சான்று காட்டும்போது, மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாற வேண்டும். 1992இல் ரியோ மாநகரில் உலக நாடுகள் ஏற்ற முன்னெச்சரிக்கை நெறியை எடுத்துக்காட்டி, திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் 2015இல் கற்பித்ததும் இதுவே.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பேட்டர்சனுக்கும் எண்ணெய்ப் பணம் வந்தது. கீஹோவுக்கும் தொழிற்சாலைப் பணம் வந்தது. பணம் வந்ததால் மட்டும் ஆய்வு கறைபடுவதில்லை. பணம் கொடுப்பவர் விரும்பாத கேள்வியைக் கேட்க மறந்துபோவதே கறை. பேட்டர்சன் கேட்டார், பணம் நின்றது. அவர் 1965இல் கட்டுரை எழுதிய அதே ஆண்டில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டை வெளியிட்டது. தாழ்மையோடும் உறுதியோடும் படைப்பின் மறைபொருளை ஆராய்பவரை, அவர் அறியாவிடினும், இறைவனின் கரமே வழிநடத்துகிறது என்று அது கற்பிக்கிறது. கல்லின் வயதைத் தேடியவர் குழந்தைகளின் குருதிக்குக் காவலரானதைக் காணும்போது இப்போதனையின் பொருள் விளங்குகிறது. 'இந்த ஆராய்ச்சியால் ஏழைக்கு என்ன பயன்?' என்று நாம் அவசரப்பட்டுக் கேட்கும்போதும் இதை நினைவில் கொள்ளலாம்.

இன்று கணினி அறிவியலாரும் இதே முச்சந்தியில் நிற்கின்றனர். மனிதர் எழுதிக் குவித்தவற்றை எந்திரத்திற்குக் கற்பித்து, அதை விடைசொல்ல வைக்கின்றனர். எழுத்தில் மிகுதியாக உள்ளதையே எந்திரம் இயல்பென்று கற்கிறது. மனிதர் எழுத்தில் படிந்துள்ள பகைமையும் இழிவும் அதனுள்ளும் படிகின்றன. அதைத் திருத்த முயல்வோர்க்கும் தேவைப்படுவது, எதைப் பூஜ்யமாகக் கொள்வது என்ற அறிவுதான். அதைப் புள்ளிவிவரம் மட்டும் தந்துவிடாது.

இவையெல்லாம் தொலைவிலுள்ள பல்கலைக்கழகங்களின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 'இது இங்கே வழக்கம், சாமி' என்ற சொல்லைக் கேளாத பங்குக்குரு நம் நாட்டில் இல்லை. பெண் வீட்டார் கடன்பட்டுத் தரும் வரதட்சணைக்கும் அச்சொல்லே பதில். சில ஊர்களில் இறந்தோரையும் சாதியால் பிரித்துக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே நிற்கும் சுவருக்கும் அதுவே பதில். பக்கத்துப் பங்கிலும் உண்டு, தாத்தா காலத்திலும் உண்டு என்று ஒப்பிட்டுக் காட்டுவர். அது கீஹோவின் கணக்கு. அச்சுவர் எல்லார் கண்ணுக்கும் பழகிவிட்டது. அதன் மறுபுறத்தில் தாயை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் மகனுக்கு மட்டும் அது பழகவில்லை. ஈயத்தின் தீங்கைக் குழந்தைகளின் குருதி காட்டியது போல, வழக்கத்தின் தீங்கை அவன் கண்ணீர் காட்டுகிறது. தீங்கு உண்டென்று அவன் மெய்ப்பிக்கட்டும் என்று நாம் காத்திருப்பது எந்த நீதியைச் சேர்ந்தது?

பெட்ரோலிலிருந்து ஈயத்தை அகற்ற, முதல் எச்சரிக்கை எழுந்த பின்னும் ஒரு நூற்றாண்டுக் காலம் தேவைப்பட்டது. இத்தனைக்கும் அதை அளக்கக் கருவி இருந்தது, எண்கள் இருந்தன. உள்ளத்தில் படிந்ததை அளக்க அத்தகைய கருவி எதுவும் இல்லை. திருமுழுக்கின்போது நாம் அணிந்த வெண்ணாடை ஒன்று உண்டு. அடுத்த முறை 'எல்லாரும் இப்படித்தான்' என்று சொல்ல நா எழும்போது, அதன் வெண்மையோடு அவ்வழக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம்.